காட்டில் விமானம் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தென்மேற்கு ஜெர்மனியின் காடுகளிலும் வயல்களிலும் விழுந்த விமானங்களைத் தேடிப் பதிவு செய்துவரும் தன்னார்வ நண்பர்களுக்கு,



உங்கள் வேலையை மதிக்கிறேன். அதனால்தான் உரிமையோடு இந்த மடலை எழுதுகிறேன். சம்பளம் இல்லாமல், விடுமுறை நாட்களில், மழையில் நனைந்த ஐஃபெல் மலைச்சரிவில் மண்டியிட்டு மண்ணைச் சலித்துக் கொண்டிருக்கிறீர்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே முழு விமானமா கிடைக்கப்போகிறது? கட்டைவிரல் அளவுக்கு உருகி உறைந்த அலுமினியக் கட்டி கிடைக்கும். பழுப்பேறிய கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் சில்லு கிடைக்கும். தோட்டா உறை கிடைத்தால் அதன் அடியில் பொறித்திருக்கும் ஆண்டைப் படிப்பீர்கள். ஒரு துணுக்கில் பச்சை நிறப் பூச்சு மிச்சமிருந்தால், எந்த நாட்டுத் தொழிற்சாலையில் பூசியது என்று யோசிப்பீர்கள். பிறகு அந்தத் துணுக்கை அமெரிக்க விமானப்படையின் காணாமற்போனோர் அறிக்கையோடும், ஊர்ப் பாதிரியார் எழுதிவைத்த நாட்குறிப்போடும், அன்று சிறுவனாக இருந்த ஒரு முதியவரின் நினைவோடும் பொருத்திப் பார்ப்பீர்கள். மூன்றும் ஒத்துப்போனால், அறுபது எழுபது ஆண்டுகளாகத் தகவல் தெரியாமல் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கனடாவிலோ ஓஹாயோவிலோ பதில் போய்ச் சேரும். இதைவிட நல்ல காரியம் அதிகம் இல்லை.

ஆனால் நீங்கள் தொகுக்கும் பட்டியல்களில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. விமானத்தின் வகை, வரிசை எண், படைப்பிரிவு, விழுந்த நாள், விழுந்த இடம், விமானிகளின் பெயர்கள் என்று எல்லாம் கச்சிதமாக இருக்கின்றன. அதோடு பதிவும் முடிந்துவிடுகிறது. ஒரு விமானம் தரையில் மோதிய பிறகுதான் பலருக்கு எல்லாமே தொடங்குகிறது. அந்தப் பகுதி உங்கள் பக்கங்களில் வெறுமையாக இருக்கிறது. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் மலைகளுக்கு மேலே நடந்தவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1944 மார்ச் 30 இரவு பிரிட்டிஷ் விமானப்படை 795 குண்டுவீச்சு விமானங்களை நியூரம்பெர்கை நோக்கி அனுப்பியது. பெல்ஜியத்தின் ஷார்லெருவாப் பக்கம் திரும்பிய பிறகு, நானூறு கிலோமீட்டருக்கும் மேல் வளையாத ஒரே நேர்க்கோட்டில் கிழக்கே பறக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கோடு ஐஃபெல், வெஸ்டர்வால்ட் மலைகளின் மேலாகப் போனது. எதிர்பார்த்த மேகம் வரவில்லை. அரை நிலா வெளிச்சத்தில், குளிர்ந்த காற்றில், ஒவ்வொரு விமானத்தின் பின்னாலும் வெண்புகைக் கோடு நீண்டது. ஜெர்மானிய இரவுப் போர் விமானங்கள் ஏற்கெனவே கூடி வட்டமடித்துக் கொண்டிருந்த இடங்களுக்கு அருகிலேயே அந்தப் பாதை அமைந்துவிட்டது. அவற்றில் சில, மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளைக் கொண்டிருந்தன. அடியில் வந்து பதுங்கி, இறக்கையிலிருக்கும் பெட்ரோல் தொட்டியைச் சுட்டுவிட்டு விலகிவிடும். மேலே இருந்தவர்களுக்கு யார் சுட்டார்கள் என்பதே தெரியாது. அந்த ஓர் இரவில் 95 விமானங்கள் திரும்பவில்லை. 545 பேர் இறந்தார்கள். போர் முழுவதிலும் அந்தப் படை ஒரே இரவில் கொடுத்த மிகப்பெரிய விலை அதுதான்.

இந்த 95 விமானங்களில் பலவற்றின் கதையை நீங்கள் வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள். அவை விழுந்த ஊர்களின் கதை எங்கே? விடியற்காலையில் வயலுக்குப் போன பெண் எதைப் பார்த்தாள்? ஏழு பேர் போன விமானத்திலிருந்து எடுத்த உடல்களைச் சவப்பெட்டியில் வைத்தவர் யார்? கல்லறைத் தோட்டத்தின் எந்த மூலையில் இடம் கொடுத்தார்கள்? போருக்குப் பின் பிரிட்டிஷ் தேடல் குழுக்கள் ஊர் ஊராக வந்து அந்த உடல்களைத் தோண்டி எடுத்து, அடையாளம் கண்டு, ரைன்பெர்க் போன்ற பெரிய போர்க் கல்லறைகளுக்கு மாற்றின. ரைன்பெர்கில் மட்டும் 3,300க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள், பெரும்பாலோர் வானிலிருந்து விழுந்தவர்கள். கல்லறை இல்லாமலே போனவர்களுக்கு இங்கிலாந்தின் ரன்னிமீடில் நினைவுச்சுவர் இருக்கிறது. அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். முதல் புதைகுழியைத் தோண்டியவர்கள் உங்கள் தாத்தாக்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் பல ஊர்ப் பதிவுகள் மௌனமாகத் தாண்டிப் போகின்றன. பாராசூட்டில் உயிரோடு இறங்கியவர்கள் எல்லோரும் சிறைமுகாமுக்குப் போய்ச் சேரவில்லை. 1944 ஆகஸ்டில் ட்ரியர் நகருக்கு அருகிலுள்ள பிரைஸ்ட் கிராமத்தில், காயத்தோடு இறங்கிய ஓர் அமெரிக்க விமானப்படை வீரரை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து கொன்றார்கள். 1945 ஜூனில் ஆர்வைலர் நகரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அவர்களை விசாரித்தது. தூக்குத் தண்டனையும் நிறைவேறியது. அதே ஆர்வைலரின் ரயில் பாலத்தைத் தாக்கப் போன 391ஆவது அமெரிக்கக் குண்டுவீச்சுப் பிரிவு, 1944 டிசம்பர் 23 அன்று ஒரே பயணத்தில் 16 பி-26 விமானங்களை இழந்தது. அந்தப் பதினாறும் உங்கள் பட்டியல்களில் இருக்கும். பிரைஸ்டில் நடந்தது இருக்கிறதா? குண்டுவீச்சில் பிள்ளைகளை இழந்த ஊர்களின் கோபம் எப்படிப்பட்டது என்பது புரிகிறது. கோபத்தைப் புரிந்துகொள்வதும் கொலையை மறைப்பதும் ஒன்றல்ல. அந்த வீரர் விமானத்தோடு எரிந்து இறந்ததாக ஒரு பதிவு சொல்லுமானால், அது அவரை இரண்டாம் முறை கொல்வது. இதே பக்கங்களில், கைக்கு எட்டிய வீரரை அடிக்க விடாமல் தடுத்துக் காவலரிடம் ஒப்படைத்த ஊர்க்காரர்களின் பெயரும் வர வேண்டும். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள்.

போர் முடிந்தும் வானம் அமைதியடையவில்லை. ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் ராம்ஸ்டைன், ஸ்பாங்டாலெம், பிட்பர்க், ஹான், ஸெம்பாக், ஸ்வைபுரூக்கன், ப்யூகல் என்று அடுத்தடுத்து விமானத்தளங்கள். கூரையை உரசுவதுபோல் பறந்த போர் விமானங்களின் சத்தத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது. மேற்கு ஜெர்மனி 916 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானங்களை வாங்கியது. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று விழுந்து நொறுங்கியது. 116 விமானிகள் இறந்தார்கள். தெளிந்த வானில் உயரே போய் எதிரியைத் துரத்தச் செய்த விமானத்தில் கூடுதல் கருவிகளை ஏற்றி, தாழப் பறந்து குண்டு போடும் வேலையைக் கொடுத்தார்கள். அரிசோனாவின் வெயிலில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஐஃபெல் மலையின் மூடுபனிக்குள் வந்து அதை ஓட்டினார்கள். நிறுத்திவைக்கக் கொட்டகைகூட இல்லாமல் விமானங்கள் மழையில் நின்ற காலமும் உண்டு. இங்கே காரணத்தை எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்தான். 'எஞ்சின் கோளாறு' என்ற இரண்டு சொல்லில் பொறுப்பேற்க வேண்டிய எத்தனையோ பேர் தப்பித்துவிடுகிறார்கள்.

காரணம் எவ்வளவு சிறியதாக இருக்கக்கூடும் என்பதற்கு மன்ஹைம் சாட்சி. 1982 செப்டம்பர் 11. நகரத்தின் 375ஆம் ஆண்டு விழாவில் விமானக் கண்காட்சி. நட்பு நகரங்களான பிரான்சின் தூலோன், வேல்ஸின் ஸ்வான்ஸீ ஆகியவற்றிலிருந்து வந்த பாராசூட் வீரர்களும் மன்ஹைம் வீரர்களும் வானத்தில் கைகோர்த்துப் பெரிய வளையம் அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டரில் கோளாறு ஏற்பட்டது. விமானி திரும்ப முயன்றார். இரண்டு ரோட்டர்களையும் ஒரே தாளத்தில் சுழல வைக்கும் பற்சக்கர அமைப்பு தவறி, இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. ஹெலிகாப்டர் நெடுஞ்சாலைமேல் விழுந்தது. 46 பேரும் இறந்தார்கள். விசாரணையில் கண்டது என்ன தெரியுமா? அந்தப் பற்சக்கரப் பெட்டியைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய வால்நட் ஓட்டுத்தூள். சரியாகக் கழுவி அகற்றாமல் மிஞ்சிய தூள், எண்ணெய் பீய்ச்சும் நுண்துளைகளை அடைத்துக்கொண்டது. எண்ணெய் போகாத தாங்கி உருளை சூடேறிச் சிதைந்தது. ஒரு கைப்பிடி ஓட்டுத்தூளால் மூன்று நகரங்களில் ஒரே வாரத்தில் சாவு விழுந்தது.

இனி ராம்ஸ்டைன். இதைப் பற்றி நிறையவே எழுத வேண்டியிருக்கிறது.

1988 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க விமானத்தளத்தில் கண்காட்சி, ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கூடியிருந்தார்கள். இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழு பத்து ஜெட் விமானங்களோடு வானில் ஓர் இதயத்தை வரைந்தது. இரண்டு அணிகள் இதயத்தின் இரு பாதிகளை வரைந்து கீழே ஒன்றையொன்று கடக்கும், தனி விமானம் ஒன்று இதயத்தைத் துளைத்துக்கொண்டு பார்வையாளர்களை நோக்கி வரும். அந்தத் தனி விமானம் ஒத்திசைவு தப்பி வந்தது. மூன்று விமானங்கள் மோதின. ஒன்று எரிந்துகொண்டே ஓடுபாதையில் விழுந்து உருண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. இன்னொன்று, அவசரத்துக்கென்றே நிறுத்தியிருந்த மருத்துவ ஹெலிகாப்டர்மேல் விழுந்தது. மோதலுக்கும் தீக்கும் இடையில் சில நொடிகள்தான். மூன்று விமானிகளும் பார்வையாளர் தரப்பில் 67 பேருமாக 70 உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் படுகாயமடைந்தனர், பெரும்பாலும் தீக்காயம்.

விமானங்கள் எப்படி மோதின என்பதைக் கோணம், வேகம், உயரம் என்று பிரித்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். தரையில் நடந்ததற்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. அமெரிக்க மருத்துவக் குழுவினர் காயம்பட்டவர்களை உடனே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று பயின்றவர்கள். ஜெர்மானிய மருத்துவர்கள் அங்கேயே முதல் சிகிச்சை கொடுத்து நிலைப்படுத்திவிட்டு அனுப்ப வேண்டும் என்று பயின்றவர்கள். இரண்டும் நல்ல முறைகள்தான், ஒரே மைதானத்தில் முன்னேற்பாடில்லாமல் சந்தித்தபோது குழப்பமாகிவிட்டன. அமெரிக்கர்கள் நரம்பில் குத்திவிட்ட ஊசிக்குழாயின் முனையில் ஜெர்மானியர்களின் சலைன் குழாய் பொருந்தவில்லை. நினைத்துப் பாருங்கள், உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கும் தீக்காய நோயாளி, கையில் சலைன் பாட்டிலோடு நிற்கும் மருத்துவர், இடையில் ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக் முனைகள். படுகாயமடைந்தவர்கள் சிலரை ஏற்றிய ஒரு பேருந்து, வழி தெரியாத ஓட்டுநரோடு, கூட ஒரு மருத்துவரும் இல்லாமல், மணிக்கணக்கில் அலைந்து லூட்விக்ஸ்ஹாஃபன் தீக்காய மருத்துவமனையைச் சென்றடைந்தது.

இந்த ஊசிமுனையும் இந்தப் பேருந்தும் எந்த விமானத்தின் வரிசை எண்ணுக்குக் கீழே வரும்? உங்கள் படிவத்தில் அதற்கான இடம் இல்லை. இடம் இல்லாத காரணத்தால் அவை காணாமல் போய்விடும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

அந்த நாளுக்குப் பிறகும் ராம்ஸ்டைன் முடியவில்லை. உயிர் தப்பியவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், எரிந்த உடல்களைத் தூக்கிய மீட்புப் பணியாளர்கள் எல்லோரும் தூக்கமில்லாமல் தவித்தார்கள். ஊர் அவர்களிடம் மறந்துவிடச் சொன்னது. உளமருத்துவர் ஹார்ட்முட் யாட்ஸ்கோவும் சிகிச்சையாளர் ஸிபில்லே யாட்ஸ்கோவும் அவர்களை ஒரு குழுவாகக் கூட்டி, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேச வைத்தார்கள். பேரழிவுக்குப் பின் மனத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று ஜெர்மனி ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதில் அந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சாகசப் பறத்தலுக்குத் தடை வந்தது, பிறகு கடும் விதிகளோடுதான் அனுமதி வந்தது. கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது என்ற விதி இன்று சாதாரணமாகத் தோன்றுகிறது. அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயர்கள் ராம்ஸ்டைன் நினைவுக்கல்லில் இருக்கின்றன.

சரியாக இரண்டு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1990 ஆகஸ்ட் 29 அன்று, அதே ராம்ஸ்டைனிலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பிய சி-5 கேலக்ஸி சரக்கு விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்தது. 17 பேரில் 13 பேர் இறந்தார்கள். இதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? பார்வையாளர்கள் இல்லாத விபத்து, இறந்தவர்கள் எல்லோரும் படையைச் சேர்ந்தவர்கள், உலகம் குவைத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1991 டிசம்பரில் ஹைடல்பெர்க் அருகே உல்லாசப் பயணிகளோடு பறந்த பழைய டிசி-3 விமானம் மேகத்துக்குள் புகுந்து மலைக்காட்டில் மோதியதும் அப்படித்தான், 28 பேர் இறந்தும் அந்த வட்டாரத்துக்கு வெளியே பேச்சே இல்லை.

தரையிலிருக்கும் மனிதர்கள் ஒரு விபத்தை எப்படிச் சுமக்கலாம் என்பதற்கு நான் யூபர்லிங்கன் ஊரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2002 ஜூலை 1, இரவு 11:35. போடன்ஸீ ஏரிக்கு மேலே ரஷ்யாவின் பாஷ்கிரியன் நிறுவனத்தின் டுபொலேவ் விமானமும் டிஹெச்எல் சரக்கு விமானமும் மோதின. டுபொலேவில் 69 பேர், பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு விடுமுறைப் பயணமாகக் கிளம்பிய உஃபா நகரப் பள்ளிப் பிள்ளைகள். சரக்கு விமானத்தில் இருவர். ஸூரிச்சிலிருந்த வான்கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரம் வேலையில் இருந்தவர் ஒரே ஒருவர், இன்னொருவர் ஓய்வில். பராமரிப்பு வேலைக்காக ரேடாரின் எச்சரிக்கை வசதி முழுமையாக இயங்கவில்லை, முதன்மைத் தொலைபேசி இணைப்பும் இல்லை. ஆபத்தைப் பார்த்துவிட்ட கார்ல்ஸ்ரூவே கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தும் அழைப்பு போய்ச் சேரவில்லை. டுபொலேவிலிருந்த மோதல் தடுப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டு அதிகாரி கீழே இறங்கச் சொன்னார். விமானிகள் அதிகாரியின் சொல்லைக் கேட்டார்கள். சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கருவி ஒன்றும் மனிதர் ஒன்றும் சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்ற தெளிவு உலகுக்கு இதற்குப் பிறகுதான் வந்தது.

துயரம் அங்கும் நிற்கவில்லை. மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்த ஒருவர் 2004 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியைத் தேடிப்போய் அவர் வீட்டு வாசலில் குத்திக் கொன்றார். 2007இல் ஸ்விஸ் நீதிமன்றம் வான்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. தனி ஒருவர்மேல் விழுந்த பழி உண்மையில் எங்கே போயிருக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

தரையில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அந்த வட்டார மக்கள் 'நமக்கென்ன' என்று விலகவில்லை. சிதறல்கள் விழுந்த வயல்களில் பிள்ளைகளைக் கண்டெடுத்தவர்கள் அவர்கள். அறுந்து சிதறிய முத்துமாலை வடிவில் எஃகு உருண்டைகளால் நினைவிடம் அமைத்தார்கள். 'உஃபாவுக்கு ஒரு பாலம்' என்று நட்புச் சங்கம் வைத்து, வந்த பெற்றோரை வரவேற்று, உறவைத் தொடர்ந்தார்கள். இந்த உறவையும் விபத்தின் பதிவில் சேர்க்க வேண்டும். விமானத்தின் இறக்கை நீளத்தைவிட இது முக்கியம் என்பது என் துணிபு.

நண்பர்களே, உங்களைப் பார்த்துப் புதிதாக உலோகங்காணிக் கருவி வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களுக்கும் நீங்கள் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரசின் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம். வெடிக்காத குண்டு இன்னும் வெடிக்கும். எண் பொறித்த தகடு கிடைத்தால் அதை விற்பவன், ஒரு குடும்பம் தன் மகனை அடையாளம் காணக்கூடிய கடைசி ஆதாரத்தை விற்கிறான். எலும்பு தென்பட்டால் அந்த நிமிடமே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காவல்துறையைக் கூப்பிட வேண்டும். அது அமெரிக்கரா, பிரிட்டிஷ்காரரா, ஜெர்மானியரா என்று பார்க்க வேண்டிய அவசியம் அப்போது இல்லை.

உங்களிடம் என் கோரிக்கை ஒன்றே. 1944ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். ராம்ஸ்டைனில் சலைன் பாட்டில் பிடித்துக்கொண்டு நின்ற இளம் செவிலியருக்கும் இன்று அறுபது வயதைத் தாண்டியிருக்கும். மன்ஹைமில் நெடுஞ்சாலையை மறித்து நின்ற தீயணைப்பு வீரர்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். மண்ணுக்குள் இருக்கும் அலுமினியம் இன்னும் நூறு ஆண்டு காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்தக் குளிர்காலத்தில் காட்டுக்குப் போவதைச் சிறிது நாள் ஒத்திவைத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளின் வாசகன்